தண்டவாளம் யாருடையது, பொறுப்பு யாருடையது?

2021 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஜாப்லின் என்ற சிற்றூருக்கு அருகே பயணிகள் ரயில் ஒன்று தடம் புரண்டு 3 பேர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். ரயில் ஆம்ட்ராக் நிறுவனத்துடையது. அது ஓடிய தண்டவாளமோ பி.என்.எஸ்.எஃப். என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது.

2023-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை காரணங்களைத் தெளிவாகச் சொன்னது: தேய்ந்த தண்டவாளம், அடியில் உறுதியற்ற மண், நேர்விலகிய பாதை. தண்டவாளத்தைச் சோதிக்கும் ஊழியருக்கு வேலைப்பளு மிகுதி. அதனால் அவ்விடத்தை உரிய காலத்தில் நடந்து சென்று பார்க்க அவருக்கு இயலாமல் போயிருக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது. 2004-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃப்ளோரா அருகே ஒருவர் இறந்த விபத்திலும், சரக்கு நிறுவனம் தண்டவாளத்தைச் சரிவரப் பராமரிக்காததே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

ஆம்ட்ராக் 1971 முதல் இயங்கி வருகிறது. வடகிழக்குப் பகுதி நீங்கலாக, அதன் ரயில்கள் பெரும்பாலும் சரக்கு நிறுவனங்களின் தண்டவாளங்களிலேயே ஓடுகின்றன. தவறு யாருடையதாயினும், தன் பயணிகளுக்கான இழப்பீட்டை ஆம்ட்ராக்கே ஏற்கும் என்பதே அவர்களிடையே நெடுங்காலமாக உள்ள ஒப்பந்த முறை. ஆம்ட்ராக் அரசு உதவியால் நடப்பது. ஆகவே அந்தச் சுமையில் ஒரு பங்கு மக்களின் வரிப்பணத்தில் விழுகிறது.

“எங்கள் பாதையில் பயணிகள் வண்டியை விடுமாறு சட்டம் கட்டாயப்படுத்துகிறது, அதனால் வரும் ஆபத்தையும் நாங்களே சுமக்க வேண்டுமா?” என்பது சரக்கு நிறுவனங்களின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தேய்ந்த தண்டவாளத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம்தானே இருக்கிறது? மாற்றக்கூடியவர் விலை கொடுப்பதில்லை; விலை கொடுப்பவரால் மாற்ற முடிவதில்லை. இங்கேதான் கவனம் தளர்கிறது.

வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என இணைச்சட்ட நூல் எச்சரிக்கிறது. மாடிக்கு வந்தவர் யார், எதற்காக வந்தார் என்று அது கேட்கவில்லை. இழப்பீட்டை ஒப்பந்தத்தால் இன்னொருவருக்கு மாற்றலாம்; உயிரைக் காக்கும் கடமையை மாற்ற முடியாது.

திருப்பயணத்திற்குப் பேருந்து அமர்த்தும்போதும், திருவிழாவுக்குப் பந்தல் போடும்போதும் “அதை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்” என்று நாமும் சொல்வதில்லையா? நம்மை நம்பி ஏறுபவரின் உயிர் நம் பொறுப்பு என்பதை மறவாதிருப்போம்.