கதவு மூடிய சந்தையில் 'ஸ்டொப் லொஸ்'

பங்குச் சந்தை வீழ்ச்சியடையும் ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டத்தினர் கடைவிரிப்பதைக் காண்கிறோம். சந்தை மீண்டும் மேல்நோக்கித் திரும்பும் இடத்தைத் தம்மால் கண்டுகொள்ள முடியும், அடிமட்டத்தில் வாங்கி உச்சத்தில் விற்கலாம், கணிப்புப் பிழைத்தாலும் 'ஸ்டொப் லொஸ்' இருப்பதால் நட்டம் ஓர் எல்லையைத் தாண்டாது என்பதே இவர்களது உபதேசம். இதில் கடைசிப் பகுதிதான் மிகவும் ஆபத்தானது.

ஸ்டொப் லொஸ் என்பது காப்புறுதி அல்ல. குறித்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே கொடுக்கப்படும் கட்டளை மாத்திரமே. விற்பதென்றால் வாங்குவதற்கு ஒருவர் வேண்டும். அதற்கு முன்னர் சந்தை திறந்திருக்க வேண்டும்.

கொழும்பில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 புள்ளிகளைத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. 18ஆம் திகதி முதல் ஐந்து நாட்களுக்குச் சந்தையை மூடுமாறு பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு பணித்தது. 25ஆம் திகதி கதவு திறந்தபோது முன்னணிப் பங்குகளின் சுட்டெண் பத்து வீதத்துக்கும் மேல் சரிந்ததால் அன்றைய வர்த்தகமும் இடையிலேயே நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வாரக்கணக்காக மூடிக்கிடந்து 2020 மே 11ஆம் திகதி திறந்த வேளையிலும் இதே கதைதான். 90 ரூபாவில் விற்கக் கட்டளையிட்டிருந்தவர் 70 ரூபாவுக்காவது ஆள் கிடைக்குமா என்று காத்திருக்க நேர்ந்தால், அவர் போட்ட எல்லைக்கு என்ன பெறுமதி?

எனவே திட்டமிடல் விலையில் அல்ல, அளவில்தான் தொடங்க வேண்டும். பத்து இலட்சம் ரூபா வைத்திருப்பவர் ஒரு முயற்சியில் ஒரு வீதத்தை, அதாவது 10,000 ரூபாவை, இழக்கத் தயாராக இருக்கிறார் என்று கொள்வோம். 100 ரூபாவுக்கு வாங்கி 90இல் வெளியேறுவதாயின் அவர் வாங்கக்கூடியது 1,000 பங்குகளே. சந்தை பாய்ந்து விழுந்து 70இல்தான் விற்க முடிந்தாலும் நட்டம் 30,000 ரூபா. வலிக்கும், ஆனால் அவர் பிழைத்துக்கொள்வார். அதே மனிதர் முழுப் பணத்தையும் போட்டு, அதேயளவு தொகையைத் தரகரிடம் கடனாகவும் பெற்று 20,000 பங்குகளை வாங்கியிருந்தால் நட்டம் ஆறு இலட்சம். கடனும் வட்டியும் அப்படியே நிற்கும். ஸ்டொப் லொஸ் இரு சந்தர்ப்பங்களிலும் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். (வகுப்புக்கு வாங்கும் கட்டணத்தில் ஆசிரியருக்கு இத்தகைய நட்டம் எதுவும் நேர்வதில்லை.)

திருப்புமுனை என்ற சொல்லும் பெரும் மயக்கம். 1929 செப்டெம்பரில் 381 புள்ளிகளில் இருந்த அமெரிக்க டவ் ஜோன்ஸ் சுட்டெண் நவம்பரில் 199க்கு இறங்கியது. பின்னர் 1930 ஏப்ரலில் 294 வரை ஏறியது. ஏறத்தாழ அரைப்பங்கு உயர்வு! திரும்பிவிட்டது என்று நம்பாதவர்கள் அன்று சிலரே இருந்திருப்பர். 1932 ஜூலையில் அது 41இல் நின்றது. வரைபடத்தில் பின்னோக்கிப் பார்த்து அம்புக்குறி போடுவது எவருக்கும் எளிது. ஆகவே முதல் துள்ளலில் பாயாமல், பழைய தாழ்நிலையை விலை மீண்டும் நெருங்கி, அதை உடைக்காமல் எழுகிறதா என்று பார்த்து நுழைவதே விவேகம். சில ரூபாக்கள் கூடுதலாகக் கொடுக்க நேரிடும், கொடுக்கட்டும். அந்தத் தாழ்நிலை உடைந்தால் கணிப்புப் பிழை. எல்லையை அதற்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். விலை இறங்க இறங்க எல்லையையும் கீழே இறக்குபவரிடம் எல்லையே இல்லை.

வெளியேறும் இலக்கையும் வாங்குவதற்கு முன்னரே எழுதிவைக்க வேண்டும். பத்து ரூபாவைப் பணயம் வைத்து முப்பது ரூபாவை நாடுபவர் நான்கில் ஒரு தடவை வென்றாலே, தரகுக் கூலி நீங்கலாக, முதலைக் காத்துக்கொள்வார். ஐந்து ரூபாவை நாடுபவரோ மூன்றில் இரண்டு தடவை வெல்ல வேண்டும். எந்தப் பயிற்சி விளம்பரத்திலாவது இந்தக் கணக்கைக் கண்டதுண்டா?

கட்டணம் கேட்டு வருபவரிடம் வாசகர்கள் வரைபடங்களைக் கேட்க வேண்டாம். 2022 ஏப்ரல் மாதத்துக்குரிய அவரது சொந்தக் கொடுக்கல் வாங்கல் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள்.