பட்டத்தின் பெயரும் படிப்பின் விலையும்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானதும் திருவள்ளூர் மாவட்டத்தின் பல வீடுகளில் எழும் கேள்வி இது: கணினிப் பொறியியலா, கணினி அறிவியலா? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் ஒரு தந்தைக்கு இது வெறும் பாடத் தேர்வு அன்று. குடும்பத்தின் சேமிப்பை எதில் முதலிடுவது என்கிற முடிவு.

நம் மாநிலத்தில் அந்த பி.இ. பட்டத்தின் பெயரே 'கணினி அறிவியல் மற்றும் பொறியியல்'தான். எனவே, உண்மையான போட்டி நான்காண்டு பி.இ.க்கும் மூன்றாண்டு பி.எஸ்ஸி.க்கும் இடையில்தான். நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம் ஆகியவை இரண்டிலும் உண்டு. பொறியியலில் கணிதமும் மின்னணுவியலும் கூடுதல்.

பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்றொரு கருத்து உண்டு. நான்காம் ஆண்டின் விலை கட்டணம் மட்டுமன்று. அவ்வாண்டில் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியமும் சேர்ந்ததே. பி.எஸ்ஸி. பட்டதாரிகளையும் மென்பொருள் நிறுவனங்கள் பணியமர்த்துகின்றன. ஆனால், தொடக்க ஊதியம் பொதுவாகக் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து, 7.5% உள்ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கணித ஆர்வமுள்ள அவர்கள் தயங்காமல் பொறியியலில் சேரலாம். ஆனால், ஆசிரியரும் ஆய்வகமும் போதாத கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காகக் கடன்படுவது வேறு கதை. அதைவிட, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்து, பின்னர் இரண்டாண்டு எம்.சி.ஏ. பயில்வது விவேகம்.

மேலும், சிறப்பாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கிவிட்டது. இடங்கள் பெருகும்போது பட்டத்தின் அருமை குறையும். திறனின் அருமைதான் கூடும்.

இன்னொன்று, நம் கண்ணெதிரே இருப்பது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலும் வாகன உதிரிபாக ஆலைகளிலும் உணரிகளும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இடம்பிடித்து வருகின்றன. வன்பொருளையும் நிரலையும் இணைக்கும் இத்துறையே வெளிநாடுகளில் 'கணினிப் பொறியியல்' எனப்படுகிறது. இயந்திரத்தில் நாட்டமுள்ள மாணவருக்கு இங்கே அதற்கு நெருக்கமானவை மின்னணுவியலும் கருவியியலும். அவற்றை இரண்டாந்தரமாக எண்ணிக் கைவிடலாகாது.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்புமுன் பெற்றோர் கேட்க வேண்டியவை மூன்று: பிள்ளைக்குக் கணிதம் பிடிக்குமா? அக்கல்லூரியில் கற்பிப்போர் இருக்கிறார்களா? படிப்பு முடியும்போது கடன் எவ்வளவு? பட்டத்தின் பெயரை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.