ஒத்திவைக்கப்படும் பழுதும் அதற்கு இடப்படும் பெயரும்

விமானத்தில் ஒரு கருவி பழுதுபட்டால் எப்போதும் பயணம் நின்றுவிடுவதில்லை. எந்தக் கருவி இயங்காத நிலையில், எந்த நிபந்தனைகளோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்பதைக் 'குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்' வரையறுக்கிறது. 'பி' வகைப் பழுதைச் சரிசெய்ய 3 நாள், 'சி' வகைக்கு 10 நாள், 'டி' வகைக்கு 120 நாள் அவகாசம் உண்டு. இந்த ஏற்பாட்டில் பிழையில்லை. பிழை பெரும்பாலும் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பே, பழுதுக்குப் பெயரிடும் கணத்தில் நேர்ந்துவிடுகிறது.

2008 ஆகஸ்ட் 20 அன்று மத்ரித் நகரில் ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம் ஓடுபாதை வரை சென்று திரும்பியது. வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரி அளவுமீறிச் சூடேறியிருந்தது. உறைபனிக்கு வாய்ப்பில்லாத வேளையில் அந்த உணரியின் சூடேற்றி இயங்காவிட்டாலும் பறக்கலாம் என்றது பட்டியல். எனவே அதற்குரிய மின்னிணைப்பைத் துண்டித்து விமானத்தை விடுவித்தனர். ஆனால் அந்தச் சூடேற்றி 'இயங்காத' கருவியன்று. வானில் மட்டும் இயங்கவேண்டியது தரையிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. பட்டியல் பேசிய பழுது ஒன்று, விமானத்தில் இருந்த பழுது வேறொன்று.

'தரையில் ஏன் சூடேறுகிறது?' என்ற கேள்வி, விமானம் தரையில் இருப்பதை உணர்த்தும் ரிலே ஒன்றிடம் இட்டுச் சென்றிருக்கக்கூடும். புறப்பாட்டு எச்சரிக்கை அமைப்பும் அதே ரிலேவைச் சார்ந்தது. விமானிகள் ஃபிளாப்புகளை இறக்காமலே புறப்பட்டனர்; எச்சரிக்கை ஒலிக்கவில்லை. 154 பேர் மாண்டனர். ரிலேதான் பழுதுற்றிருந்தது என்று விசாரணையால் உறுதியாக நிறுவ இயலவில்லை. எனினும் கேட்கப்படவேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை என்பது உறுதி.

இது அயலகக் கதை மட்டுமன்று. 2022 ஜூலையில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்திய திடீர்ச் சோதனைகள் மூன்று குறைகளைக் கண்டன: பழுதின் காரணத்தைச் சரியாக இனங்காணாமை, பட்டியலைக் காட்டி விமானங்களை விடுவிக்கும் போக்கு பெருகியமை, சான்றளிக்கத் தகுதியுள்ளோர் போதாமை. இம்மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். காரணத்தை ஆராய ஆளும் நேரமும் இல்லாத இடத்தில் பட்டியலே விடையாகிவிடுகிறது. பி1, பி2 உரிமம் பெற்ற பொறியாளர்களே விமானத்தை விடுவிக்கவேண்டும் என்று இயக்குநரகம் ஆணையிட்டது பொருத்தமானதே. மைசூருவின் மண்டகள்ளி போன்ற சிறு நிலையங்களில், வந்த விமானம் சற்று நேரத்தில் திரும்பிச் செல்லவேண்டியிருக்கும்போது இதன் தேவை இன்னும் கூர்மையானது.

ஆனால் உரிமம் மட்டும் போதாது; பதிவேட்டின் மொழியும் மாறவேண்டும். அதே மைசூருவின் மானசகங்கோத்ரியில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை அறிந்த மொழியியல் மாணவருக்கு இது புதிதன்று. களப்பணியில் கேட்டதை முதலில் எழுதவேண்டும். இலக்கணப் பெயரைப் பின்னரே இடவேண்டும். பெயர் முந்திவிட்டால் அப்பெயருக்கு அடங்காத தரவு கண்ணில் படாது. பழுதுப் பதிவேட்டிலும் கண்டது ஒரு வரியாகவும், காரணம் தனி வரியாகவும் எழுதப்படவேண்டும். காரணம் அறியப்படாவிடில் அந்த வரி வெறுமையாக நிற்கட்டும். விமானத்தை விடுவிக்கக் கையெழுத்திடுபவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபின் முடிவெடுக்கட்டும்.