களைப்பும் களிப்பும்

மாணவரைத் தொண்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலர்க்கும் ஓர் அச்சம் உண்டு. மூன்றாம் நாள் பிள்ளைகள் களைத்துப் போவர், முணுமுணுப்பர், பிறகு வேலை நடவாது என்பதே அது. களைப்பு வரும்; உழைத்தால் வரவே வேண்டும். ஆனால் முணுமுணுப்புக்குக் களைப்பு கரணியம் அன்று.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரைக் கொண்டு தொடங்கப்பெற்றது. அதிற் சேர்ந்த கல்லூரி மாணவர் ஈராண்டில் 240 மணிநேரம் பணியாற்றுதலும், ஏழுநாள் ஓரூரில் தங்கித் தொண்டு செய்தலும் முறை. மேனிலைப் பள்ளிகளுக்கும் அது பின்னர் வந்தது.

அத்தகைய ஏழுநாட் பாசறைக்குச் சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் நாற்பதின்மரைச் சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். கண்மாயின் வரத்துக்காலைத் தூர்வாரி, அதை அடைத்திருந்த சீமைக்கருவேலை அகற்றுவது பணி. அம்மரத்தை வெட்டினால் போதாது. அடிக்கட்டையினின்று மீண்டும் தழைக்கும். வேரோடு தோண்ட வேண்டும். முதல்நாள் பாட்டும் சிரிப்புமாய்க் கழிந்தது. மூன்றாம்நாள் நண்பகலில் கையிற் கொப்புளம், காலில் முள். மண்வெட்டிகள் ஓய்ந்தன. சோற்றின்மேற் குறை; ஒருவன்மேல் ஒருவன் குறை. யாமோ கரைமேல் வேம்பின் நிழலில் அமர்ந்து, வருகையைக் குறிப்பதும் தொண்டின் பெருமையை விளக்குவதுமாய் இருந்தோம். மாணவன் ஒருவன் ஏறிவந்து, "நாங்கள் களைத்துவிட்டோம், ஐயா" என்றான்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'. அவரை நீக்கி நிற்பது 'நாங்கள்'. ஆங்கிலத்திற் காணவொண்ணாத இவ்வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தையும் பிழையின்றி ஆளும். அம்மாணவனும் பிழையின்றியே எம்மை நீக்கிப் பேசினான்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். வரிசையாய் நின்று மண்கூடைகளைக் கைமாற்றினோம். எம் கை நடுங்கியதைக் கண்டு ஒருவன் சிரித்தான், எல்லாரும் சிரித்தனர், யாமும் சிரித்தோம். கூடைகளை எண்ணத் தொடங்கினர், எண்ணிக்கையே பாட்டாயிற்று. களைப்புக் குறையவில்லை, எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஊர்ப்பெண்கள் கொணர்ந்த கேழ்வரகுக் கூழை, எவன் எச்சாதி என்னும் கேள்வியின்றி, ஒரே வரிசையில் அமர்ந்து குடித்தோம். பொழுது சாய்கையில் அதே மாணவன், "இன்னும் பத்துக் கூடைதான், ஐயா; நாம் முடித்துவிடலாம்" என்றான்.

இன்று பல பாசறைகளில் நடப்பதென்ன? துணித்தட்டியின் கீழ் ஓர் ஒளிப்படம். புது மண்வெட்டியைத் தொட்டுவிட்டுப் போகும் சிறப்பு விருந்தினர். ஒரு மணிநேரச் சொற்பொழிவு. மாணவர் வெயிலில்; மற்றையோர் நிழலில். அங்கே எஞ்சுவது வெறுங்களைப்பே. நீரும் நிழலும் ஓய்வும் கொடாது பிள்ளைகளை வாட்டுவதும் தொண்டன்று, கொடுமை. வெயிலாயினும் நிழலாயினும் எல்லார்க்கும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

'நானல்லேன், நீயே' என்னும் பொருள்பட அத்திட்டத்திற்கு நெடுங்காலம் ஒரு முழக்கம் விளங்கிற்று. நல்ல முழக்கமே. ஆயினும் தமிழாசிரியன் என்னும் முறையில் ஒரு திருத்தம் வேண்டுகின்றோம்: 'நாங்கள் அன்று, நாம்.'

கரையில் நிற்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, தலைவர்களே! பிள்ளைகள் உள்ளே நிற்கின்றனர். இறங்குங்கள்!