விடுமுறையும் கணிதமும்

விழா மலருக்கு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பழைய ஆசிரியர்களின் பெருமையையும், விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளையும் நினைவுகூர்வர். அவற்றை வேறு அன்பர்களுக்கு விட்டு, சுவையற்றதென்று சிலர் எண்ணக்கூடிய பொருளொன்றை யாம் எடுத்துக்கொள்கின்றோம். விடுமுறை தொடங்கியதும் நம் மாணவர் அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் கட்டி மூலையில் வைத்துவிடுகின்றனர். அவற்றை மீண்டும் அவர்தம் கையில் எடுத்துக் கொடுக்கும் கடமை பழைய மாணவராகிய நம்மையும் சார்ந்தது என்பது எமது துணிபு.

ஆகஸ்ட் விடுமுறை நமது கரையோரத்தில் எத்தகைய காலம் என்பதை யாவரும் அறிவர். உடப்பிலே திரௌபதை அம்மன் விழாவும் தீமிதிப்பும், முன்னேசுவரத்திலே பெருந்திருவிழாவும் ஆடி, ஆவணி மாதங்களை நிறைத்துவிடுகின்றன. தென்மேல் பருவக்காற்றினால் மேலைக்கடல் கொந்தளித்திருக்க, மழையற்ற வெயிலிலே புத்தளத்து உப்பளங்களில் வேலை மும்முரமாகின்றது. இவற்றுள் எதனையும் மாணவன் துறத்தல் வேண்டுமென யாம் கூறோம். தீமிதிப்பு நாளன்று மகனை இருத்திக் காரணிப்படுத்தச் சொல்லும் தந்தை கொடியவரேயாவர். நாளொன்றுக்கு அரைமணி நேரமே யாம் வேண்டுவது.

கணிதத்திற்கு மட்டும் இத்தனி வேண்டுகோள் ஏன் என்று வினவலாம். தமிழை மாணவன் விடுமுறையிலும் பேசுகின்றான், பத்திரிகை படிக்கின்றான், கோயிலிலே பாராயணம் கேட்கின்றான். இருபடிச் சமன்பாட்டை அவனோடு பேசுவார் எவருமிலர். அமெரிக்காவிலே ஹாரிஸ் கூப்பரும் அவருடன் உழைத்தோரும் கோடை விடுமுறை பற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 1996 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர் விடுமுறையில் சராசரியாக ஒரு மாதக் கல்விக்கு ஒப்பானதை இழக்கின்றனர் என்றும், வாசிப்பினும் கணிதத்திலேயே இழப்பு மிகுதி என்றும் அவர்கள் கண்டனர். வாசிப்பிலே வசதியுள்ள பிள்ளைக்கும் வறிய பிள்ளைக்கும் வேறுபாடு காணப்பட்டது. கணிதத்திலோ இருவரும் ஒருங்கே மறந்தனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் இவ்விழப்பின் அளவை ஐயுற்றதுண்டு. மேலும், அவர்தம் கோடை விடுமுறை பத்து வாரத்துக்கும் மேற்பட்டது; நமது விடுமுறையோ ஏப்பிரல், ஆகஸ்ட், திசெம்பர் எனத் துண்டுதுண்டாய் வருவது. எனினும் தவணைப் பரீட்சை முடிந்த நாள் தொட்டுப் புத்தகம் மூடிக்கிடப்பதையும், புதிய தவணையின் முதல் வாரங்கள் பழைய பாடத்தைத் தோண்டியெடுப்பதிலேயே கழிவதையும் கணித ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார். சாதாரணதரத்திலே கணிதத்தில் வழுக்கியவனுக்கு உயர்தரத்தின் பௌதிக விஞ்ஞானத் துறை எட்டாக்கனியாகிவிடும். பொறியியலாளராக வரத்தக்க பிள்ளை எதிர்மறைக் குறி ஒன்றினால் கரையிலேயே நின்றுவிடுதல் தகுமோ?

அப்பியாசம் என்றதும், ஒரே வகைக் கணக்கை ஐம்பது முறை செய்வித்தல் என்று பலர் கொள்கின்றனர். இஃது எமக்கு உடன்பாடன்று. தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்து டக் ரோரர், கெலி டெய்லர் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்று கேத்திரகணிதம் பற்றியதே. நால்வகைத் திண்மங்களின் கனவளவு காணும் முறையை மாணவருக்குக் கற்பித்து, ஒரு சாராரை வகைவகையாகவும் மறு சாராரைக் கலந்தும் பயிலச் செய்தனர். பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தோர் நூற்றுக்கு 89 பெற்றனர். கலந்து செய்தோர் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முன்னவர் 20 இற்கு வீழ்ந்தனர். பின்னவர் 63 இல் நின்றனர். எந்தக் கணக்கிற்கு எந்த வழி என்று தெரிந்தெடுத்தலே கற்க வேண்டிய பாதியென்பது இதனால் விளங்கும். ஆதலின் நாளுக்கு நான்கு கணக்குகள் போதும். ஆயின் அவை நான்கும் நான்கு இனத்தனவாக இருத்தல் வேண்டும்.

கணக்குக்கு நமது ஊரிலே பஞ்சமில்லை. 1000 கிலோகிராம் கடல்நீரிலே ஏறத்தாழ 35 கிலோகிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகி, உப்பு நூற்றுக்கு 26 பங்களவில் செறிந்தபோது பாத்தியிலே பளிங்காகத் தொடங்குகின்றது. நீங்கவேண்டிய நீரை ‘அ’ கிலோகிராம் எனக் கொண்டால், 26/100 × (1000 − அ) = 35 என்னும் சமன்பாடு பிறக்கும். தீர்த்துப் பார்க்கும் மாணவன், ஏறக்குறைய 865 கிலோகிராம் நீரை வெயில் குடித்தாலன்றி ஒரு கல் உப்பும் தோன்றாதென்பதை அறிவான். உப்பளத்தாருக்கு எத்தனை பாத்தி ஏன் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெளிவாகும். இனித் தென்னையை நோக்குக. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் 26 அடிக்கு 26 அடி சதுரமுறையில் நட்டு ஏக்கருக்கு 64 மரம் வைக்கச் சொல்லும். அதே 26 அடி இடைவெளியைச் சமபக்க முக்கோணிகளாக அமைத்தால் நிரைகளின் தூரம் இருபத்திரண்டரை அடியாகக் குறைந்து, 74 மரம் அடங்கும். மேலதிகப் பத்து மரம் எங்கிருந்து வந்தது? பைதகரசின் தேற்றம் அறிந்த பிள்ளை பனையோலையிலும் நிறுவிக் காட்டுவான். (காய் கூடுமா என்பது கமக்காரர் தீர்க்க வேண்டிய வேறு வினா.)

தேற்றங்களைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். நிறுவலை எழுத்துப் பிசகாமல் மனனம் செய்வோர் நம்மிடையே மிகுதி. படத்தைத் தலைகீழாக்கி உச்சிகளின் பெயரை மாற்றிவிட்டால் அன்னோர் திகைக்கின்றனர். விடுமுறையிலே நாளுக்கொரு தேற்றத்தைப் புத்தகம் பாராது, வேறொரு நிலையில் வரைந்து, வேறு எழுத்துக்களிட்டு நிறுவிப் பழகுவது நூறு ஏறிகளைப் பார்த்தெழுதுவதினும் மேலானது. அட்சரகணிதம் தமிழுக்கு அந்நியம் என்னும் சாக்கும் செல்லாது. கறோல் விசுவநாதபிள்ளை யாழ்ப்பாணத்தில் 1855 ஆம் ஆண்டிலேயே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கினார்.

பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் நகரத்துப் பிரத்தியேக வகுப்புகளுக்குச் சென்று அடுத்த தவணைப் பாடத்தை முன்கூட்டியே விழுங்குகின்றனர். சென்ற தவணை செரிக்காத வயிற்றில் அது தங்குவதில்லை. கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைக்கோ அதுவும் இல்லை.

விழா நினைவாக வாயிலில் வளைவொன்று எழுப்பலாமென அன்பர் சிலர் கூறக் கேட்டோம். வளைவு அழகாகத்தான் இருக்கும். அச்செலவில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, விடுமுறையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாளாக, தாளுக்கு நான்கு கலப்புக் கணக்குகளை அச்சிட்டு மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் வழங்கலாம். வாரத்தில் இரு மாலை பழைய மாணவர் இருவர் கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து தாள்களைத் திருத்தலாம். பொறியியலாளரே வரவேண்டுமென்பதில்லை, வங்கியிலும் நில அளவையிலும் கடையிலும் இருப்போர் போதும். விடைகளை ஆசிரியர்கள் ஒருமுறை பார்வையிட இசைந்தால், முதற் பத்துத் தாள்களை எழுதித்தர யாம் ஆயத்தமாயுள்ளோம்.