பொது அறிவுக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு பாஸ்!

இன்டர்னல், அசைன்மென்ட், அட்டென்டன்ஸ் பஞ்சாயத்து எல்லாம் எந்த லெவல்ல இருக்கு? அதெல்லாம் ஒரு பக்கம் ஓடட்டும். இந்த வாரம் நான் வாங்கின ஒரு மெகா சைஸ் பல்பு பத்தி சொல்றேன், கேளுங்க.

2023. ஃபைனல் இயர். வேற ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ். க்விஸ் ஃபைனல்ஸ்ல நானும் என் ரூம்மேட்டும். கடைசிக் கேள்வி வரைக்கும் ரெண்டு டீமும் சமம். முதல் பரிசு 5,000 ரூபாய். அதுல மெஸ் பாக்கியைக் கட்டிடலாம்னு ரூம்மேட் காலையிலேயே கணக்குப் போட்டு வச்சிருந்தான்.

"கஜகஸ்தானின் தலைநகரம் எது?"

பஸ்ஸரை அமுக்கினேன் பாருங்க ஒரு அமுக்கு! "நூர் சுல்தான்!" பிளாட்பாரக் கடையில முப்பது ரூபாய்க்கு வாங்கின ஜி.கே. கைடுல அப்படித்தான் இருந்தது. 'பழைய பெயர் அஸ்தானா'ன்னு பக்கத்துலயே போட்டிருந்தது. எவ்வளவு தெளிவு!

க்விஸ் மாஸ்டர் சிரிச்சார். "தம்பி, அது பழைய பதில். இப்போ மறுபடியும் அஸ்தானா." கேள்வி எதிர் டீமுக்குப் போச்சு. கப்பும் போச்சு. 5,000 ரூபாயும் போச்சு.

திரும்பி வர்ற பஸ்ஸுல ரூம்மேட் திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல. "விடு மாப்ள"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். அதுதான் ரொம்ப வலிச்சது.

ஒரு ஊரு, எத்தனை பேரு!

ரூமுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த ஊரோட ஜாதகத்தைத் தோண்டினேன். சோவியத் காலத்துல அதன் பேர் செலினோகிராட். அப்புறம் அக்மோலா. 1997-ல் அல்மாட்டியிலிருந்து தலைநகரம் இங்கே மாறிச்சு. 1998-ல் பேர் அஸ்தானா. கசாக் மொழியில அஸ்தானான்னாலே 'தலைநகரம்'னுதான் அர்த்தம்! 2019-ல் அதிபர் நூர் சுல்தான் நசர்பயேவ் பதவி விலகினதும், அவரைக் கௌரவிக்க நூர் சுல்தான்னு மாத்தினாங்க. 2022 செப்டம்பர்ல திரும்பவும் அஸ்தானா.

ஆக, நான் சொன்னது தப்பான பதில் இல்ல. எக்ஸ்பைரி ஆன பதில். பால் பாக்கெட் வாங்கும்போது தேதி பார்க்கிறோம். பொது அறிவுல மட்டும் பார்க்கிறதே இல்ல. எனக்கு ஆப்பு வந்தது அந்த இடத்துலதான்.

பறக்கும்போது கிரகம், போய்ச் சேரும்போது?

இப்படித் தேதி மாறிப் போன பதில்கள் எவ்வளவு இருக்குன்னு பார்த்தா தலை சுத்துது. புளூட்டோவை எடுத்துக்குங்க. 1930-ல் கண்டுபிடிச்சதிலிருந்து 76 வருஷம் அதுதான் ஒன்பதாவது கிரகம். 2006 ஜனவரியில் நாசாவோட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நோக்கிக் கிளம்பிச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 24-ம் தேதி பிராக் நகரத்துல கூடின சர்வதேச வானியல் சங்கம், 'நீ இனிமே குள்ளக் கிரகம்'னு சொல்லிடுச்சு. விண்கலம் 2015 ஜூலையில போய்ச் சேர்ந்தப்போ, அங்கே இருந்தது கிரகமே இல்ல!

காரணம் என்ன? கிரகம்னா சூரியனைச் சுத்தணும், உருண்டையா இருக்கணும், தன்னோட பாதையில மத்த குட்டிக் குட்டிப் பொருள்களை ஒதுக்கித் தள்ளியிருக்கணும். முதல் ரெண்டுல புளூட்டோ பாஸ். மூணாவது பேப்பர்ல அரியர்.

சனிக் கிரகத்தோட நிலாக்கள்? 2019 அக்டோபர்ல 82. 2025 மார்ச்ல ஒரேயடியா 128 புதுசா சேர்ந்து 274. தேதி சொல்லாம இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா அது லாட்டரி மாதிரிதான்.

எவரெஸ்ட்டும் எடைக்கல்லும்

எவரெஸ்ட் 8,848 மீட்டர். நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். 2015 நேபாள பூகம்பத்துக்கு அப்புறம் உயரம் மாறியிருக்குமோன்னு சந்தேகம் கிளம்பிச்சு. திரும்ப அளந்து, 2020 டிசம்பர்ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவிச்சது 8,848.86 மீட்டர். அந்த 86 சென்டிமீட்டரை ஆப்ஷன்ல வச்சா, பழசை மனப்பாடம் பண்ணினவங்க கதி அதோகதி!

கிலோகிராமும் இப்படித்தான். பாரிஸ் பக்கத்துல பத்திரமா வச்சிருக்கிற ஒரு பிளாட்டினம் - இரிடியம் உருளைதான் உலகத்துக்கே கிலோகிராம்னு படிச்சோம். சிக்கல் என்னன்னா, நூறு வருஷத்துல அந்த உருளைக்கும் அதோட நகல்களுக்கும் நடுவுல சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துடுச்சு. எது கூடிச்சு, எது குறைஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? ஒரிஜினல்தானே அளவுகோல்! அதனால 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை வச்சு கிலோகிராமுக்கு இலக்கணம் எழுதிட்டாங்க. உருளை ரிட்டயர்டு. பயப்படாதீங்க, மளிகைக் கடையில அரிசி அளவு மாறல.

பிறக்கும்போதே செத்த பதில்கள்

இன்னொரு வகை இருக்கு. இதுங்களுக்கு எக்ஸ்பைரி டேட்டே தேவையில்ல, என்னிக்குமே சரியா இருந்ததில்ல.

* இந்தியாவின் தேசிய மொழி? அப்படி ஒண்ணு அரசியல் சட்டத்துல கிடையாது. 343-வது பிரிவு இந்தியை மத்திய அரசின் அலுவல் மொழின்னுதான் சொல்லுது.

* தேசிய விளையாட்டு ஹாக்கி? 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டப்போ, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கலன்னு விளையாட்டுத் துறை அமைச்சகமே பதில் கொடுத்துச்சு.

* சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும்? 2003-ல் போயிட்டு வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவேயே 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லிட்டார். நீளம்தான் பல ஆயிரம் கிலோமீட்டர், அகலம் சில மீட்டர்தானே!

ரூம்மேட் போட்ட துப்பறியும் மூளை

இப்போ கதையோட செகண்ட் ஹாஃப். க்விஸ்ல தோத்தது கூடப் பெரிசில்ல. அதே கைடை வச்சுதான் ரூம்மேட் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிச்சிட்டு இருந்தான். அப்பா ஊர்ல ஆட்டோ ஓட்டுறார், இவன் வேலைக்குப் போனாத்தான் தங்கச்சி காலேஜ் சேரணும். அங்கே ஒரு மார்க் போனா ரேங்க் எங்கேயோ போயிடும். 5,000 ரூபாயோட முடியுற விஷயம் இல்ல அது.

கைடுல எந்த வருஷம் அச்சடிச்சதுன்னு பார்க்கலாம்னா, முதல் பக்கமே கிழிஞ்சிருந்தது. முப்பது ரூபாய்க்கு வேற என்ன கிடைக்கும்? நான் தூக்கிப் போடப் போனேன். அவன் பிடுங்கிட்டான்.

"இரு மாப்ள. இதுல இந்தியாவுல 28 மாநிலம், 9 யூனியன் பிரதேசம்னு போட்டிருக்கு பாரு."

"அதுக்கென்ன?"

"2000-லிருந்து 28 மாநிலம். 2014 ஜூன்ல தெலங்கானா வந்து 29. 2019 அக்டோபர் 31-ல் ஜம்மு காஷ்மீரைப் பிரிச்சு ரெண்டு யூனியன் பிரதேசம் ஆக்கினதால திரும்ப 28. அன்னிக்கு யூனியன் பிரதேசம் 9. ஆனா 2020 ஜனவரி 26-ல் தாத்ரா நகர் ஹவேலியையும் டாமன் டையூவையும் ஒண்ணாக்கி 8 ஆக்கிட்டாங்க. 9-ங்கிற பதில் உயிரோட இருந்ததே மூணு மாசத்துக்கும் குறைவு!"

அசந்துட்டேன். கிழிஞ்ச பக்கத்துல இருந்த தேதியை, கிழியாத பக்கத்தை வச்சே பையன் கண்டுபிடிச்சிட்டான். 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரிக்குள்ள எழுதின கைடு. நூர் சுல்தான், எவரெஸ்ட் 8,848, சனிக்கு 82 நிலா... எல்லாம் அந்தக் கணக்குக்குக் கச்சிதமா பொருந்திச்சு.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் பென்சிலும் கையுமா உட்கார்ந்தோம். பேரு, எண்ணிக்கை, பதவி, சாதனை... மாறக்கூடிய ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சரிபார்த்து வருஷம் எழுதினோம். மாறாததைத் தொடல. எவரெஸ்ட் உயரம் மாறலாம், 1953 மே 29-ல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறினது மாறாது இல்லையா? விடியக்காலை மூணு மணிக்குத்தான் படுத்தோம். மெஸ் பாக்கியை அடுத்த மாசம் ரெண்டு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம்.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், இனிமே யாராவது ஜி.கே. கேள்வி கேட்டா, 'பதில் என்ன?'ங்கிறதோட 'எந்த வருஷத்துப் பதில்?'னும் சேர்த்துக் கேளுங்க. எக்ஸாம்ல மட்டும் இல்ல, வாட்ஸ்அப்ல வர்ற 'உங்களுக்குத் தெரியுமா' மெசேஜுக்கும் இதே மருந்துதான்.

உங்க கைடுக்கு ஒரு மினி டெஸ்ட்!

1. தனிம வரிசை அட்டவணையில் எத்தனை தனிமங்கள்?
2. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்?
3. இந்தியக் காட்டில் சிவிங்கிப்புலி உண்டா?

விடைகள்:
1. 118. கடைசி நாலு பேருக்கு 2016-ல்தான் பேர் வச்சாங்க.
2. 38. மயிலாடுதுறை 2020-ல் சேர்ந்தது.
3. உண்டு. 1952-ல் அழிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாங்க. 2022 செப்டம்பர்ல நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளைக் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுல விட்டாங்க.

மூணுமே உங்க கைடுல சரியா இருந்தா, கைடுக்கு ஒரு சல்யூட்! இல்லைன்னா... பென்சில் எடுங்க பாஸ். அடுத்த வாரம் பார்ப்போம்!