இரவில் களவு போகும் மின்சாரம்

சென்ற மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு எமது தந்தையார் நெஞ்சு நோகிறதென்று எம்மை எழுப்பினார். மோட்டார் வண்டியின் திறப்பைத் திருப்பினோம். 'டிக்' என்ற ஓர் ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. அயலவர் ஒருவரின் முச்சக்கர வண்டியிலேயே ஆசுபத்திரிக்குச் சென்றோம். தெய்வாதீனமாக, அது வெறும் வாய்வுக் குத்தென வைத்தியர் கூறினார். ஆயினும், படலையடியிற் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அக் கால் மணி நேரம் எம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

பழி, உயர்தர வகுப்பிற் பயிலும் எமது மகன்மீது விழுந்தது. வண்டிக்குள் இருந்து வானொலி கேட்பது அவன் வழக்கம். "நான் நிப்பாட்டிப்போட்டுத்தான் இறங்கினனான், அப்பா" என்று அவன் சொன்னதை நாம் செவிமடுத்தோமில்லை. பற்றறி பழையதென்றும் சொல்வதற்கில்லை. மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் புதியது வாங்கியிருந்தோம். விசாரியாமலே தண்டித்தல் ஆசிரியர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

சனிக்கிழமை விசாரணை தொடங்கிற்று. நிறுத்திய வண்டி முற்றாக உறங்குவதில்லை என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. மணிக்கூடு, கள்வரைத் தடுக்கும் கருவி, வானொலியின் நினைவு ஆகியன சிறிது மின்னை எந்நேரமும் உண்கின்றன. பொதுவாக 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை இருந்தால் அச்சமில்லை. எமது பற்றறி 35 அம்பியர் மணிக் கொள்ளளவுடையது. 50 மில்லி அம்பியர் வீதம் உண்டாலும் அது வெறுமையாக 700 மணி, அதாவது 29 நாட்கள் செல்லும். எம்முடையதோ நாலு நாள் தாங்கவில்லை.

பற்றறியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்குமிடையே பல்மானியை 10 அம்பியர் அளவில் இணைத்தோம். இவ்வாறு இணைத்திருக்கையில் திறப்பைத் திருப்புதல் கூடாது; எந்திரத்தைக் கிளப்பும் மின்னோட்டம் நூறு அம்பியரையும் கடக்குமாதலால் மானி கெட்டுவிடும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியுமென்பதால், கதவின் ஆளியை ஒட்டுநாடாவால் அமுக்கி வைத்தோம். பின்னர் அரைமணி நேரம் பொறுத்திருந்தோம். வண்டியிலுள்ள மின்னணுக் கருவிகள் அடங்குவதற்கு அத்துணை அவகாசம் வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்பட்டு ஏமாறுகின்றனர். எல்லாம் அடங்கிய பின்னரும் மானி 0.45 அம்பியரில் நின்றது.

அதன்பின் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏழாவதைக் கழற்றியதும் அளவு 0.03 ஆகச் சரிந்தது. அவ்வுருகி உள்விளக்குகளுக்கும் வானொலிக்கும் பொதுவானது. 'பார்த்தாயா' என்று சொல்ல வாயெடுத்தோம். மகன் ஒன்றும் பேசாது திருப்புளியை எடுத்து, வானொலியை வெளியே இழுத்து, அதன் இணைப்பைக் கழற்றினான். உருகியை மீண்டும் செருகினோம். மானி மறுபடியும் 0.45 அம்பியருக்கே வந்தது! வானொலி குற்றமற்றது.

உள்விளக்கு எரியவில்லை. எஞ்சியது டிக்கி விளக்கு ஒன்றே. ஆனால் மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்பதை யார் காண்பது? மகன் தன் கைத்தொலைபேசியைப் படம்பிடிக்கும் நிலையில் உள்ளே வைத்துக் கதவை மூடினான். ஒரு நிமிடத்தின் பின் எடுத்துப் பார்த்தோம். மூடிய பின்னரும் விளக்கு அணையவேயில்லை. கதவு மூடும்போது அமுங்கவேண்டிய சிறு ஆளி தேய்ந்து, அமுங்காமல் நின்றிருந்தது.

கணக்கும் ஒத்துவந்தது. 5 வாற்று விளக்கு 12 வோல்ற்றில் 0.42 அம்பியர் எடுக்கும், மற்றையவற்றின் 0.03 சேர 0.45. அவ்வீதத்தில் எமது பற்றறி ஏறக்குறைய 78 மணியில் வெறுமையாகிவிடும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நிறுத்திய வண்டி, அவ் வியாழன் விடியலில் 83 மணி நேரம் நின்றிருந்தது.

விளக்கைக் கழற்றி எடுத்தோம். தந்தையார் விறாந்தையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கையில், தவறு எமதேயென மகனிடம் கூறினோம். "அதைவிடுங்கோ, அப்பா, வானொலியைத் திருப்பிப் பூட்ட ஒருக்கால் லைற்றைப் பிடியுங்கோ" என்றான் அவன். புதிய ஆளிக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அதுவரை டிக்கி இருளிலேயே கிடக்கிறது.